தப்பி ஓடினால் எந்த ஆங்கிலச் சொல்?

2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ச நாட்டை விட்டு மாலைதீவுக்குப் பறந்தபோது உலகச் செய்தித் தலைப்புகளில் அடிபட்ட சொல் 'ஃபிளீ'. ஆபத்துக்கு அஞ்சி ஓடுவதற்கு அதுதான் பொருத்தம். இறந்தகாலம் 'ஃபிளெட்', பறந்ததைச் சொல்லும் 'ஃபிளூ'வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'ஃபிளெட் த கன்ட்ரி' என்றாலே போதும், நடுவில் 'ஃபுரொம்' தேவையில்லை.

'எஸ்கேப்' கொஞ்சம் வம்பு பிடித்தது. சிறையிலிருந்து தப்பினால் 'எஸ்கேப்ட் ஃபுரொம் பிரிசன்'. சாவிலிருந்து தப்பினால் வெறும் 'எஸ்கேப்ட் டெத்'. கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வராமல் தலைமறைவானவருக்கு 'அப்ஸ்கொண்டட்'. நண்பருக்கு எழுதும் மின்னஞ்சலில் அதைப் போட்டால் பொலிஸ் அறிக்கைபோல இருக்கும்! வீட்டாருக்குத் தெரியாமல் ஓடிப்போய் மணம் முடித்த காதலர்களுக்கு 'இலோப்ட்'. வார இறுதியில் நுவரெலியாவுக்கு நழுவுவது 'கெட்-அவே'.