கொலுசு வாங்கப் போகிறீர்களா? உட்புறத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள்

வெள்ளி என்று சொல்லி விற்பதெல்லாம் ஒரே வெள்ளி அல்ல. சொக்க வெள்ளியில் 999 என்று முத்திரை இருக்கும். நாணயத்துக்கும் கட்டிக்கும் அது சரி. நகைக்கு மிகவும் மென்மை, சீக்கிரம் வளைந்துவிடும். அதனால்தான் 92.5 சதவீதம் வெள்ளியோடு மீதிக்குப் பெரும்பாலும் செம்பு சேர்க்கிறார்கள். 925 என்ற எண்ணின் பொருள் அதுதான். ஸ்டெர்லிங் வெள்ளி என்பதும் இதுவே.

கொலுசில்தான் கவனம் வேண்டும். நிறைய கண்ணிகளும் சலங்கைகளும் பற்றவைக்கப்படுவதால், பற்றவைக்கும் கலவையே தரத்தைக் குறைத்துவிடலாம். ஆகவே "எத்தனை சதவீதம்? திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு கழிப்பீர்கள்?" என்று வாங்கும்போதே கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டு நான் ஒருமுறை ஏமாந்தேன். பழைய கொலுசை மாற்றப் போனபோதுதான் அதன் உண்மையான தரம் தெரிந்தது.

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது! செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த உலோகம் அது. பார்க்க அழகுதான், விலையும் குறைவு. ஆனால் நிக்கல் ஒவ்வாதவர்களுக்குத் தோல் அரிக்கும். வெள்ளி முலாம் பூசிய நகையோ தேய்ந்ததும் அடியிலுள்ள செம்பையோ பித்தளையையோ காட்டிவிடும்.

காந்தத்தை வைத்துப் பார்க்கும் சோதனையை நம்பாதீர்கள். இரும்பு போல காந்தத்தில் ஒட்டும் உலோகம் இருந்தால் மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். செம்பும் பித்தளையும் காந்தத்தில் ஒட்டாது. கறுத்துப்போனால் போலி என்பதும் தவறு. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் நல்ல வெள்ளியும் கறுக்கும்.