கையை எடுத்ததும் அணையும் கேஸ் அடுப்பு: கோளாறைக் கண்டறியும் முறை

நம் சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பலர் புழங்கும் கேஸ் அடுப்பில் தீ பற்றிக்கொண்டு, திருகுக் குமிழிலிருந்து கையை எடுத்ததும் அணைந்துபோனால், பெரும்பாலும் குற்றவாளி எரிவாயு அல்ல. தீ இல்லாதபோது வாயுவை அடைக்கும் பாதுகாப்புக் கருவிதான். ஆகவே திருகைக் குச்சி செருகி அழுத்தி வைக்கும் குறுக்கு வழியை ஒருபோதும் நாடக்கூடாது.

பர்னரின் ஓரத்தில் பொதுவாக இரண்டு முனைகள் நிற்கும். வெள்ளைப் பீங்கான் உறையுள்ளது பொறி எழுப்புவது. வெறும் உலோகமாக இருப்பது தெர்மோகப்பிள். இதன் நுனி தீயில் சூடாகும்போது ஏறத்தாழ 20 முதல் 30 மில்லிவோல்ட் மின்னழுத்தம் பிறக்கிறது. அச்சிறு மின்சாரமே உள்ளிருக்கும் மின்காந்தத்தை இயக்கி வால்வைத் திறந்த நிலையில் பிடித்து வைக்கிறது. பொங்கலன்று பொங்கி வழிந்த பால் என் வீட்டு அடுப்பில் அந்நுனியின்மீது காய்ந்து ஒட்டிக்கொண்டதால், ஒரு வாரம் காலைத் தேநீருக்கே திண்டாட வேண்டியதாயிற்று.

முதலில் வாயு வால்வை மூடி, அடுப்பு முழுதும் ஆறிய பிறகு, உலோக நுனியை மெல்லிய உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து உலர்ந்த துணியால் துடைக்கவும். பீங்கானைச் சுரண்ட வேண்டாம். அது எளிதில் விரிசல் விடும். கழுவிய பர்னர் மூடியை ஈரத்தோடு வைப்பதும், அதன் பள்ளத்தில் சரியாக அமராமல் சாய்த்து வைப்பதும் தீயை நுனியிலிருந்து விலக்கிவிடும். துடைக்கும்போது நுனி வளைந்திருந்தாலும் விளைவு அதுவே. பிறகு பற்றவைத்து, திருகைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்துப் பாருங்கள். அரை நிமிடம் பிடித்தால் மட்டும் தீ நிற்கிறது என்றால், தெர்மோகப்பிள் வலுவிழந்துவிட்டதாகக் கொள்ளலாம்.

பொறியே எழாவிட்டால் அது வேறு சங்கதி. பேட்டரியை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சிறு தீயில் மட்டும் அணைந்தால் சன்னல் காற்றையும் மின்விசிறியையும் கவனியுங்கள். எல்லாப் பர்னர்களிலும் தீ ஒருசேர வலுவிழந்தால், சிலிண்டர் வைத்திருப்போர் அது தீர்ந்துவிட்டதா என்றும் குழாய் மடங்கியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதற்குமேல் நாமே கழற்றுவது முறையல்ல. குழாய்வழி வரும் நகர எரிவாயுவில் ஹைட்ரஜன் மிகுதி. சிலிண்டர் வாயு வேறு வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் பர்னர் துளையின் அளவு வேறுபடுவதால், ஒன்றுக்கான அடுப்பை மற்றதில் பொருத்தினால் தீ ஒழுங்காக எரியாது. வாயு வாடை வீசினால் வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, மின் சுவிட்சுகளைத் தொடாமல் வெளியே சென்ற பிறகே தொலைபேசியில் அழைக்க வேண்டும். உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரை அழைக்கையில், அடுப்பின் அடித்தகட்டிலுள்ள மாடல் எண்ணையும், எந்தப் பர்னர் எப்போது அணைகிறது என்பதையும் சொல்லிவிட்டால், அவர் உரிய தெர்மோகப்பிளைக் கையோடு கொண்டுவருவார்.