வேனுக்குள் இரண்டாவது பேட்டரி: பத்திரமாகப் பொருத்தும் முறை

உறங்கிப் பயணிக்கும் வேனில், எஞ்சின் பேட்டரி போக இரண்டாவது பேட்டரியாக, வீட்டு இன்வெர்ட்டரின் பழைய டியூபுலர் பேட்டரியையே வைத்துவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. தண்ணீர் ஊற்றும் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனை வெளிவிடும். காற்றில் அது 4 சதவீதம் கலந்தாலே வெடிக்க ஒரு பொறி போதும். கவிழ்ந்தால் அமிலமும் கொட்டும். ஆள் உறங்கும் இடத்துக்கு ஏஜிஎம் (அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்து மூடிய பேட்டரி) அல்லது லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகைதான் சரி.

முதலில் இடம். இருக்கைக்குப் பின்னால், தரையோடு ஒட்டி, வெயில் படாத மூலையாகப் பாருங்கள். பெரும்பாலான லித்தியம் பேட்டரிகளை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. சித்திரை வெயிலில் பூட்டி நிற்கும் வண்டி அதைச் சுலபமாகத் தாண்டும். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். எரிபொருள் டேங்கும் பிரேக் குழாயும் அங்கேதான் ஓடும்.

அடுத்து, கட்டுவது. பேட்டரிக்குச் செலவழிக்கும் பலர் இதில் கஞ்சத்தனம் பார்ப்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். 100 ஆம்பியர்-அவர் ஏஜிஎம் ஏறக்குறைய 30 கிலோ. மோதலில் 20 ஜி, அதாவது புவியீர்ப்பைப் போல 20 மடங்கு அதிர்வு வந்தால் அது 600 கிலோ விசையோடு ஓட்டுநரின் முதுகை நோக்கிப் பாயும். பிளாஸ்டிக் பெட்டியும் நைலான் கயிறும் அதைத் தடுக்காது. இரும்பு ஆங்கிள் சட்டத்தில் பேட்டரியை உட்காரவைத்து, மேலே குறுக்குப் பட்டை கொடுத்து, தரைத் தகட்டின் அடியில் அகலமான இரும்புத் தகடு வைத்து போல்ட்டால் முடுக்குங்கள். வெறும் வாஷர் மெல்லிய தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். டெர்மினல்களுக்கு ரப்பர் மூடி கட்டாயம்.

ஏஜிஎம் அளவுக்கு மீறி சார்ஜ் ஆனால் அதுவும் வாயுவை விடும். ஆகவே சட்டத்துக்குள் பேட்டரியை மூடிய பெட்டியில் வைத்தால், அதன் மேல்பகுதியிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடுங்கள். சைலன்சர் பக்கம் வேண்டாம். பொறி தரக்கூடிய ரிலே, சுவிட்ச் எதையும் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

பாசிட்டிவ் வயரில், பெட்டிக்கு வெளியே, டெர்மினலிலிருந்து 20 செ.மீ.க்குள் ஃப்யூஸ். எஞ்சின் பேட்டரியிலிருந்து வரும் வயருக்கு அந்த முனையிலும் இன்னொன்று வேண்டும், ஏனென்றால் இருபுறமும் மின்சாரம் இருக்கிறது. ஃப்யூஸ் காப்பது வயரை. வயர் தாங்கும் ஆம்பியரை அது மீறக் கூடாது. தகட்டைத் துளைத்துச் செல்லும் இடமெல்லாம் ரப்பர் வளையம்.

வேலை முடியும் வரை எஞ்சின் பேட்டரியின் நெகட்டிவ் கழன்றே இருக்கட்டும்; அதைக் கடைசியில் மாட்டுங்கள். அரை மணி நேரம் சார்ஜ் ஓடியபின் எஞ்சினை நிறுத்திவிட்டு, இணைப்புகளைத் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ, அங்கே பெரும்பாலும் நட் தளர்வாக இருக்கும்.