அவசரத்தில் திறந்துவிட்ட கதவு: அலுவலக மெயில் சர்வரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மெயில் போகமாட்டேங்குது" என்று ஒருவர் வந்து நின்றதும் சர்வரை ரீஸ்டார்ட் செய்வதுதான் பல அலுவலகங்களில் முதல் வேலை. போஸ்ட்ஃபிக்ஸும் (மெயிலை அனுப்பி வாங்கும் மென்பொருள்) டவ்காட்டும் (பயனர்கள் தங்கள் மெயில்பெட்டியைத் திறக்க உதவுவது) ஓடும் லினக்ஸ் சர்வரில் இது அநேகமாக எதையும் சரிசெய்யாது. தேங்கிய மெயில்கள் டிஸ்க்கில் வரிசையில் இருக்கின்றன. ரீஸ்டார்ட் ஆன பிறகும் அங்கேயேதான் இருக்கும். அது பலிக்காதபோது அடுத்த கட்டம் தொடங்குகிறது. ஃபயர்வாலைக் கொஞ்சம் தளர்த்துவது, ஒரு ஐபி வரம்பை நம்பகப் பட்டியலில் சேர்ப்பது, டிஎல்எஸ் என்னும் இணைப்பு மறையாக்கக் கட்டாயத்தை எடுத்துவிடுவது என்று ஒவ்வொன்றாக நடக்கும். மெயில் போய்விடும், புகார் சொன்னவரும் கிளம்பிவிடுவார், திறந்துவிட்டது மட்டும் திறந்தபடியே கிடக்கும். அலுவலக மெயில் சர்வர்களின் பாதுகாப்பு ஓட்டைகளில் கணிசமானவை இப்படிப் பழுது பார்க்கும் நேரத்தில்தான் உண்டாகின்றன.

லாகைப் படிக்காமல் கை வைப்பது

புகார் சொல்பவரிடம் மூன்றே கேள்விகள் போதும்: யாருக்கு அனுப்பினீர்கள், எத்தனை மணிக்கு, திரும்பி வந்த மெயில் இருக்கிறதா? பிறகு பெறுநரின் முகவரியை மெயில் லாகில், அதாவது சர்வர் எழுதும் நிகழ்வுப் பதிவில், தேடுங்கள். டெபியன் 12 லினக்ஸில் ஆர்சிஸ்லாக் என்ற பதிவு மென்பொருளைத் தனியாக நிறுவியிருக்காவிட்டால் லாக் கோப்பு இருக்காது, சிஸ்டம்டி ஜர்னலில்தான் தேட வேண்டும். கிடைக்கும் வரியில் எழுத்தும் எண்ணும் கலந்த வரிசை அடையாளம் ஒன்று இருக்கும். அதை வைத்து மறுபடி தேடினால் அந்த ஒரு மெயிலின் முழுப் பயணமும் வந்துவிடும்: எந்த ஐபியிலிருந்து வந்தது, எந்தப் பயனர் உள்நுழைந்து அனுப்பினார், எந்த சர்வரிடம் ஒப்படைக்க முயன்றது, அது என்ன பதில் சொன்னது.

அந்தக் கடைசி வரியில் பலர் கண்டுகொள்ளாத இடம் 'டிலேஸ்' என்ற பகுதி. சாய்கோடு போட்டு நான்கு எண்கள் இருக்கும். முதலாவது, மெயில் உள்ளே வந்து வரிசை மேலாளரை அடையும்வரை ஆன நேரம். இரண்டாவது, வரிசை மேலாளரிடம் காத்திருந்தது. மூன்றாவது, டிஎன்எஸ் தேடல் (டொமைன் பெயருக்கான முகவரியைக் கண்டுபிடிப்பது), ஹெலோ என்ற அறிமுகம், டிஎல்எஸ் எல்லாம் சேர்த்து எதிர் சர்வருடன் இணைப்பு ஏற்பட ஆனது. நான்காவது, மெயிலைக் கடத்த ஆனது. 0.12/0.03/30/0 என்று இருந்தால் உங்கள் சர்வருக்குள் ஒரு கோளாறும் இல்லை. வெளியே இணைப்பு கிடைக்காமல் முப்பது வினாடி காத்திருந்து கைவிட்டிருக்கிறது. எல்லா டொமைனுக்கும் இதே கதை என்றால் சர்வர்கள் தமக்குள் மெயில் கடத்தும் 25-ஆம் போர்ட், வெளியே போகும் திசையில், அநேகமாக அடைபட்டிருக்கிறது என்று பொருள். கிளவுடில் வாங்கிய சர்வர்களில் இது சகஜம்: அமேசான் இயல்பாகவே இதைக் கட்டுப்படுத்தி வைக்கிறது, கூகுள் கிளவுட் அடைத்தே வைத்திருக்கிறது. அங்கே போஸ்ட்ஃபிக்ஸ் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால்தான் உங்கள் வரிசையில் நெரிசல்.

எதிர் சர்வர் சொல்லும் எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 4-இல் தொடங்கினால் "பிறகு வா". 5-இல் தொடங்கினால் "வராதே". 550 5.1.1 என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 550 5.7.1 என்றால் முகவரி சரி, அனுப்பியவரையோ மெயிலையோ ஏற்க விருப்பமில்லை. 'சென்ட்' என்று லாக் சொன்னால் எதிர் சர்வர் 250 சொல்லி வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இன்பாக்ஸில் போட்டதா, ஸ்பேமில் போட்டதா என்பது உங்கள் லாகில் தெரியாது. இதைப் பயனரிடம் தெளிவாகச் சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

வரிசையைத் திரும்பத் திரும்ப ஃப்ளஷ் செய்வதும், அதாவது தேங்கியதை உடனே அனுப்பு என்று விரட்டுவதும், கெடுதல். போஸ்ட்ஃபிக்ஸ் தானாகவே 300 வினாடியில் தொடங்கி 4000 வினாடிவரை இடைவெளி விட்டு, ஐந்து நாள் முயன்று பார்க்கும். ஜிமெயில் "வேகமாக அனுப்புகிறாய், பொறு" என்று 421 சொல்லும்போது நீங்கள் நிமிடத்துக்கு ஒருமுறை ஃப்ளஷ் அழுத்தினால் தடை நீளும். மாற்ற வேண்டியது வேறு ஒன்று. தாமத எச்சரிக்கை இயல்பாக 0 மணி நேரம், அதாவது அணைந்தே இருக்கிறது. மெயில் தேங்கியதே அனுப்பியவருக்கு ஐந்தாம் நாள்தான் தெரியவரும். அதை 4 மணி நேரம் என்று வைத்தால் டெண்டர் கெடு தவறுவதற்கு முன் அவர் ஃபோன் செய்துகொள்ள முடியும்.

ஜெராக்ஸ் மெஷினுக்காகத் திறந்த வழி

ஸ்கேன் செய்து நேராக மெயிலில் அனுப்பும் பழைய ஜெராக்ஸ் மெஷின்களில் பலவற்றுக்குப் புதிய டிஎல்எஸ் தெரியாது. அதற்காக 192.168.0.0/16 என்ற உள் முகவரி வரம்பு முழுவதையும் 'மைநெட்வொர்க்ஸ்' என்ற நம்பகப் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். ஒரு மெஷினுக்கு வழி விட்டதாக நினைப்போம். உண்மையில் அந்த வரம்பிலுள்ள ஒவ்வொரு கணினியும், விருந்தினர் வைஃபையும் அதற்குள் இருந்தால் அதில் வரும் ஒவ்வொரு ஃபோனும், பாஸ்வேர்ட் இல்லாமல் உங்கள் பெயரில் மெயில் அனுப்பலாம். ஒரு கணினியில் மால்வேர் புகுந்தால் போதும். ஐபி முகவரிகளை வழங்கும் டிஹெச்சிபியில் மெஷினுக்கு நிலையான ஐபி ஒதுக்கி, அந்த ஒற்றை முகவரியை மட்டும் /32 என்று சேருங்கள். மெஷினுக்கு உள்நுழையத் தெரியுமானால் அதற்கென்று தனிக் கணக்கு கொடுப்பது இன்னும் மேல்.

இதே பட்டியலில் இன்னொரு கண்ணி உண்டு. மெயில் சர்வரை டாக்கர் என்ற கண்டெய்னருக்குள்ளோ ப்ராக்ஸி என்ற இடைத்தரகு சர்வருக்குப் பின்னோ வைத்தால், சில அமைப்புகளில் வெளியுலகிலிருந்து வரும் எல்லா இணைப்புகளும் 172.17.0.1 போன்ற ஒரே உள் முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். அந்த முகவரி நம்பகப் பட்டியலில் இருந்தால் உங்கள் சர்வர் ஊருக்கே ஓபன் ரிலே, அதாவது யார் வேண்டுமானாலும் தன் வழியே மெயில் அனுப்ப விடும் சர்வர். லாகில் 'கனெக்ட் ஃப்ரம்' வரிகளைப் பாருங்கள். வேறு வேறு நாட்டு ஐபிகள் வரிசைகட்டி வர வேண்டும். எல்லாம் ஒரே உள் முகவரி என்றால் அன்றைக்கே சரிசெய்யுங்கள்.

சோதனையை அலுவலகத்துக்குள் உட்கார்ந்து செய்யாதீர்கள். உள்ளிருந்து பார்த்தால் எல்லாம் அனுமதிக்கப்பட்டதாகத்தான் தெரியும். 25-ஆம் போர்ட் திறந்திருக்கும் வெளி இணைப்பு ஒன்றிலிருந்து உள்நுழையாமல், வெளி முகவரியிலிருந்து இன்னொரு வெளி முகவரிக்கு மெயில் கொடுத்துப் பாருங்கள். 554 5.7.1 அல்லது 454 4.7.1 என்ற எண்ணோடு 'ரிலே ஆக்சஸ் டினைட்' வர வேண்டும். பெறுநர் முகவரி கொடுத்த இடத்தில் 250 வந்தால் கதவு திறந்திருக்கிறது.

டிஎன்எஸ்ஸை மாற்றியதும் எல்லா மெயிலும் நின்றுபோவது

டிஎன்எஸ் மெதுவாக இருக்கிறது என்று யாரோ சர்வரின் ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விகளுக்குப் பதில் தேடித் தருவது) கூகுளின் பொது ரிசால்வரான 8.8.8.8 என்று மாற்றுவார்கள். அடுத்து, உள்ளே வரும் எல்லா மெயிலும் 'ஸ்பாம்ஹாஸ் பட்டியலில் உள்ளது' என்று திருப்பி அனுப்பப்படும், ஜிமெயிலிலிருந்து வருவதும் உட்பட. ஸ்பாம்ஹாஸ் என்பது ஸ்பேம் அனுப்பும் ஐபிகளின் தடைப்பட்டியலை வைத்திருக்கும் அமைப்பு. அது பொது ரிசால்வர்கள் வழியாக வரும் இலவசக் கேள்விகளுக்கு 127.255.255.254 என்ற பதிலைத் தரும். "இந்த வழியில் கேட்காதே" என்பதற்கான பிழைக் குறியீடு அது. ஆனால் எந்தப் பதில் வந்தாலும் தடைசெய் என்று உங்கள் அமைப்பு எழுதப்பட்டிருந்தால், அது உலகத்தையே தடைசெய்துவிடும். இந்த நேரத்தில் பலர் தடைப்பட்டியல் சோதனையையே நீக்கிவிடுகிறார்கள், ஸ்பேம் வெள்ளமாக வருகிறது. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வரை ஓடவிடுங்கள். அது வேறு ரிசால்வருக்குக் கேள்வியைத் தள்ளிவிடாமல் தானே போய்க் கேட்க வேண்டும். கூடவே, ஸ்பாம்ஹாஸின் ஸென் பட்டியலில் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதிலுக்கு மட்டும் தடைசெய் என்று வரம்பு போடுங்கள்.

திருடப்பட்ட கணக்கில் பாஸ்வேர்டை மட்டும் மாற்றுவது

காலையில் வந்து பார்த்தால் வரிசையில் பல்லாயிரம் மெயில்கள். பதற்றத்தில் வரிசை முழுவதையும் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிடக் கூடாது. அதற்குள் அக்கவுண்ட்ஸ் பிரிவு அனுப்பிய இன்வாய்ஸும் இருக்கும். 'ஃப்ரம்' முகவரியை வைத்துத் தேடுவதும் வீண், ஸ்பேம் அனுப்புபவர் அதைப் போலியாகப் போட்டிருப்பார். லாகில் 'சாஸ்ல் யூசர்நேம்' (உள்நுழைந்த பயனர் பெயர்) என்ற இடத்தில் எந்தப் பெயர் ஆயிரக்கணக்கில் வருகிறது என்று எண்ணுங்கள். அதுதான் களவு போன கணக்கு. அந்தப் பெயரோடு வரும் வரிசை அடையாளங்களை மட்டும் முதலில் ஹோல்டில் (அனுப்பாமல் நிறுத்தி) வையுங்கள், அழிப்பது பிறகு.

பாஸ்வேர்டை மாற்றினால் புதிதாக உள்நுழைவதுதான் தடைபடும். மெயில்பெட்டியைப் படிக்க ஏற்கெனவே திறந்திருக்கும் ஐமேப் இணைப்பு அப்படியே உயிரோடு இருக்கும். டவ்காட்டின் 'கிக்' கட்டளையால் அந்தப் பயனரின் இணைப்புகளைத் துண்டியுங்கள். உள்நுழைவுத் தற்காலிக நினைவகம் இயங்கினால் அதையும் காலி செய்யுங்கள். அடுத்த வேலையைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்: அந்தக் கணக்குக்கு வரும் மெயிலைத் தானாகக் கையாளும் சீவ் விதிகளைத் திறந்து பாருங்கள். 'இன்வாய்ஸ்', 'பேமெண்ட்' என்ற சொல் வரும் மெயிலை வெளி முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே நீக்கும் விதி ஒன்று உட்கார்ந்திருக்கலாம். அது இருக்கும்வரை பாஸ்வேர்டை மாற்றியும் திருடர் உங்கள் வாடிக்கையாளர் கடிதங்களைப் படித்துக்கொண்டே இருப்பார். வங்கிக் கணக்கு எண்ணை மாற்றிச் சொல்லிப் பணம் பறிக்கும் மோசடிகளுக்கு இந்த விதி நல்ல கருவி. கடைசியாகப் பயனரின் கணினி. அங்கே மால்வேர் இருந்தால் புதிய பாஸ்வேர்டும் போய்விடும்.

இது மறுபடி நடக்காமலிருக்க, ஒரு பயனர் ஒரு மணி நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் அனுப்பலாம் என்ற வரம்பு வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸிலேயே உள்ள வேக வரம்பு ஐபி வாரியாகத்தான் எண்ணும். பல ஐபிகளிலிருந்து வரும் களவுக்கு அது உதவாது. பயனர் வாரியாக எண்ண ஆர்ஸ்பேம்டி என்ற ஸ்பேம் வடிகட்டி அல்லது தனிப் பாலிசி சர்வர் தேவை. உள்நுழைவைப் பயனர்கள் மெயில் அனுப்புவதற்கான 587, 465 ஆகிய போர்ட்களில் மட்டும் வைத்து, 25-இல் அணைத்துவிடுங்கள். பாஸ்வேர்டை ஊகித்துப் பார்க்கும் ரோபோக்களில் பெரும்பகுதி அங்கேயே ஏமாந்து திரும்பிவிடும்.

ஃபெயில்2பேன் (தவறான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் ஐபியைத் தடுக்கும் மென்பொருள்) வைத்திருப்பவர்கள் கவனிக்க: அலுவலகம் முழுவதும் ஒரே பொது ஐபியில் வெளியே வருகிறது என்றால், ஒருவர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு ஃபோனில் பழையதையே விட்டிருந்தாலும் மொத்த அலுவலகமும் தடைபடும். அந்த ஒரு ஐபியை விலக்குப் பட்டியலில் சேர்ப்பது சரி. ஃபெயில்2பேனையே நிறுத்துவது தவறு.

டிஎன்எஸ் பதிவுகளும் சான்றிதழும்

உங்கள் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றுதான். சம்பள மென்பொருள் நிறுவனம் ஒன்று கொடுத்தது, செய்திமடல் நிறுவனம் ஒன்று கொடுத்தது என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. ஒன்றாக இணைக்கும்போது டிஎன்எஸ் தேடல் பத்துக்கு மேல் போகக் கூடாது. மெயிலில் கையொப்பமிட உதவும் டிகிம் சாவி 2048 பிட் இருந்தால் 255 எழுத்துக்கு மேல் போகும், டிஎன்எஸ்ஸில் துண்டாக்கித்தான் இட வேண்டும். ஒட்டும்போது ஓர் எழுத்து விடுபட்டாலும் கையொப்பம் செல்லாது. இவை பொருந்தாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதல் நாளே 'ரிஜெக்ட்' (நிராகரி) என்று வைக்காதீர்கள். 'நன்' (ஒன்றும் செய்யாதே) என்று தொடங்கி, சில வாரம் அறிக்கைகளை வாங்கிப் பார்த்தால், உங்கள் பெயரில் அனுப்பும் மறந்துபோன சேவைகள் எல்லாம் தெரியவரும். பிப்ரவரி 2024 முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளுக்கு 5000-க்கு மேல் அனுப்புவோரிடம் கூகுள் இந்த மூன்றையும் கேட்கிறது. ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவு உங்கள் டிஎன்எஸ் பக்கத்தில் கிடைக்காது, ஐபி கொடுத்தவரிடம் கேட்க வேண்டும். ஐபிவி6 இருந்தால் அதற்கும் தனியாக.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் டிஎல்எஸ் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டும் பயனர்களுக்குக் காலாவதி எச்சரிக்கை வந்தால், டவ்காட் பழையதையே நினைவில் வைத்திருக்கிறது. புதுப்பித்த பின் ரீலோட் செய்யும்படி அதைப் புதுப்பிக்கும் செர்ட்பாட்டில் ஹுக் (தானாக ஓடும் கட்டளை) ஒன்று எழுதுங்கள். கணினியில் சரியாக இருந்து ஃபோனில் மட்டும் பிழை வந்தால், இடைச் சான்றிதழ் சேர்ந்த 'ஃபுல்செயின்' கோப்புக்குப் பதில் வெறும் சான்றிதழைக் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். காலாவதி நினைவூட்டல் மெயில்களை லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. கண்காணிப்பை நீங்களேதான் வைக்க வேண்டும். ஐமேப் இயங்கும் 993-ஆம் போர்ட்டில் உண்மையில் வெளியே தெரியும் சான்றிதழின் தேதியை அது பார்க்க வேண்டும், டிஸ்க்கில் உள்ள கோப்பின் தேதியை அல்ல.

அதே கண்காணிப்பில் டிஸ்க்கில் கோப்புக்கு ஒன்றாகச் செலவாகும் ஐநோட் எண்ணிக்கையையும் சேருங்கள். மெயில்டிர் முறையில் ஒரு மெயில் ஒரு கோப்பு. ஜிகாபைட் கணக்கில் இடம் மிச்சமிருந்தும் ஐநோட் தீர்ந்துபோனால் புது மெயில் ஒன்றும் உள்ளே விழாது. அப்போதும் யாரோ ஒருவர் ரீஸ்டார்ட் செய்துகொண்டிருப்பார்.