அணியில் ஒருவர் கர்ப்பமாக இருக்கும்போது ஆட்குறைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமானதுதான். ஆட்குறைப்பு அறிவிப்பு வருகிறது, அணியில் ஒருவர் கர்ப்பம் என்று எல்லோருக்கும் தெரியும், உடனே "அவங்களைத் தொட முடியாது, நம்மில் ஒருத்தர்தான் போகணும்" என்று முணுமுணுப்பு கிளம்பும். மேலாளரோ நேர் எதிராக, "எப்படியும் விடுப்பில் போகப் போகிறவர்தானே" என்று மனதுக்குள் கணக்கை முடித்திருப்பார். இரண்டுமே தப்பு. கர்ப்பிணிக்குச் சட்டம் ஒரு முன்னுரிமை தருகிறது, உண்மைதான். ஆனால் அது எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

முதல் கட்டம், யார் போவது என்று மதிப்பெண் போட்டுத் தேர்ந்தெடுப்பது. இதில் கர்ப்பிணியும் மற்றவர்களும் ஒரே பட்டியலில்தான் இருக்க வேண்டும், ஒரே அளவுகோல்தான். அந்த அளவுகோல் கர்ப்பத்தை மறைமுகமாகத் தண்டிக்கக் கூடாது, அவ்வளவுதான். நடைமுறையில் அதிகம் சறுக்குவது வருகைப் பதிவேட்டில். வாந்தி, மயக்கம் என்று எடுத்த நாட்களையும் மருத்துவப் பரிசோதனைக்குப் போன நேரத்தையும் சாதாரண விடுப்போடு சேர்த்து எண்ணிவிடுவார்கள், சேர்க்கவே கூடாது. 2010ஆம் ஆண்டு சமத்துவச் சட்டத்தின்படி அது பாகுபாடு. வழக்குப் போட இத்தனை வருடம் வேலை செய்திருக்க வேண்டும் என்ற கணக்கும் இதற்குக் கிடையாது, சேர்ந்த முதல் வாரத்திலேயே பாதுகாப்பு உண்டு.

இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சட்ட நிறுவனத்தில் ஒரு ஆண், ஒரு பெண் என இரண்டு வழக்கறிஞர்களில் ஒருவரை அனுப்ப வேண்டிய நிலை. முடித்த வேலைக்கு வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு சீக்கிரம் பணம் வந்து சேர்கிறது என்பது ஒரு அளவுகோல். அந்தப் பெண் மகப்பேறு விடுப்பில் இருந்ததால் அளக்க ஒன்றும் இல்லையென்று முழு மதிப்பெண் 2 போட்டுவிட்டார்கள், ஆணுக்குக் கிடைத்தது 0.5. கடைசியில் 27.5க்கு 27 என்று அரை மதிப்பெண்ணில் அந்த ஆணின் வேலை போனது. அவர் வழக்குத் தொடுத்தார். 2011இல் வேலைவாய்ப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. அந்தப் பெண் விடுப்புக்குப் போகும் முன் வேலை செய்த காலத்தை எடுத்து அளந்திருக்கலாமே என்பதுதான் விஷயம். நியாயமான தேவைக்கு மேல் போகும் சலுகை பக்கத்து நாற்காலிக்காரருக்குப் பாகுபாடாகிவிடும். எனக்குத் தெரிந்து, எச்ஆர் ஆட்களே இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் இரண்டாம் கட்டம், முன்னுரிமை வருவது இங்கேதான். நியாயமான தேர்வில் கர்ப்பிணியின் வேலையும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிறுவனத்தில் பொருத்தமான வேறு காலியிடம் இருந்தால் அதை அவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். விண்ணப்பம் போடு, நேர்முகத்துக்கு வா, மற்றவர்களோடு போட்டியிடு என்று சொல்லக் கூடாது. முன்பு இது கர்ப்பிணிக்கு மகப்பேறு விடுப்பு தொடங்கிய பிறகுதான் கிடைத்தது. 2024 ஏப்ரல் 6 முதல், கர்ப்பம் என்று நிறுவனத்திடம் சொன்ன நாளிலேயே தொடங்கி, குழந்தை பிறந்து 18 மாதம் வரை நீள்கிறது. கர்ப்பம் 24 வாரத்துக்கு முன் கலைந்துவிட்டால், அதற்குப் பிறகும் 2 வாரம் உண்டு. "இன்னும் விடுப்பே தொடங்கவில்லையே" என்று பழைய விதியை வைத்துப் பேசுகிற மேலாளர் இன்றைக்கும் இருக்கிறார்.

இதில் ஒரு நெளிவு உண்டு. அதே வேலையில் ஐந்து பேரை மூன்றாகக் குறைப்பது முதல் கட்டத்துத் தேர்வு. பழைய பதவிகளை ஒழித்துவிட்டுப் புதிய பதவிகளை உருவாக்கினால், அவை காலியிடங்கள் என்று ஆகிவிடலாம், அப்போது முன்னுரிமை அங்கேயே வந்து உட்காரும். நிறுவனம் எதைச் செய்கிறது என்று ஆலோசனைக் கூட்டத்திலேயே நேராகக் கேட்டுவிடுங்கள்.

விடுப்பில் இருப்பவரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுவதும் தவறுதான், காலியிட விவரம் அவருக்கும் அதே நேரத்தில் போக வேண்டும்.

சரி, நீங்கள் அந்தப் பக்கத்து நாற்காலிக்காரர் என்றால்? உங்கள் மதிப்பெண் தாளை, ஒவ்வொரு எண்ணுக்கும் காரணத்தோடு, எழுத்தில் கேளுங்கள். கர்ப்பிணியின் மருத்துவ விவரத்தைத் தோண்டாதீர்கள், அது உங்கள் வாதத்துக்குத் தேவையே இல்லை. தேர்வு சரியில்லை என்று தோன்றினால் நிறுவனத்திடம் மேல்முறையீடு செய்யலாம், வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம் போவதாக இருந்தால் முதலில் வேலைத் தகராறுகளில் சமரசம் பேசும் பொது அமைப்பான ஏகாஸிடம் (Acas) பதிய வேண்டும், அதற்கான கெடு குறுகியது என்பதால் தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, அந்தக் காலியிடத்தை அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அது மற்றவர்களுக்குத் திறந்துவிடும், உங்கள் விண்ணப்பம் தயாராக இருக்கட்டும்.