ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் பிரஷரையும் சுகரையும் தூரத்திலிருந்து கவனிக்க

மெஷின் வாங்குவதற்கு முன்னால் மூன்று பேரை முடிவு செய்துகொள்ளுங்கள். தினமும் எண்ணைப் பார்க்கப் போவது யார்? எண் சரியில்லை என்றால் உடனே அந்த வீட்டுக்குள் போய் நிற்கப் போவது யார்? மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ போகிற டாக்டர் யார்? மூன்று பெயரையும் போன் நம்பரோடு ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அதன் பிறகு கடைக்குப் போகலாம்.

நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறேன். எங்கள் பக்கம் பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருக்க, பெரியவர்கள் மட்டும் இருக்கும் வீடுகள் அதிகம். லீவுக்கு வரும் பிள்ளைகள் ஆச்சிக்கு ஒரு வாட்ச், தாத்தாவுக்கு ஒரு பிரஷர் மெஷின் என்று ஆசையாக வாங்கி வருவார்கள். அவர்களிடம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்த மூன்று பேரில் முக்கியமானவர் நடுவில் இருப்பவர். அம்மாவின் கையில் ஒட்டிய சுகர் சென்சாரிலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு மகனின் போனில் லோ சுகர் அலாரம் அடிக்கிறது. அவன் அம்மாவைக் கூப்பிடுகிறான். சுகர் இறங்கி மயங்கிக் கிடப்பவர் எப்படி போனை எடுப்பார்? அந்த நேரத்தில் கதவைத் திறந்து உள்ளே போக ஒரு ஆள் வேண்டும். அடுத்த வீட்டு மதினி, மாடியில் குடியிருப்பவர், தெருமுனைக் கடை அண்ணாச்சி, யாராக இருந்தாலும் சரி. மாற்றுச் சாவி அவரிடம் இருக்க வேண்டும். ராத்திரியில் கூப்பிட்டால் வருவாரா என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். "கொஞ்சம் பாத்துக்கிடுங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டு பஸ் ஏறுவது போதாது. அவரோடு உட்கார்ந்து, என்ன வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவருக்கு எந்த எண்ணுக்கு மேலே போனால், எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் உங்களைக் கூப்பிட வேண்டும்? அதை எழுதியே வாங்குங்கள். நாற்பது வயதுக்காரருக்கு வைக்கும் அளவும் எண்பது வயது ஆச்சிக்கு வைக்கும் அளவும் ஒன்றல்ல. போன் வழி மருத்துவ ஆலோசனைக்கு 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு விதிமுறை கொடுத்துவிட்டது. ஏற்கெனவே பார்த்த நோயாளிக்கு போனிலோ வீடியோவிலோ டாக்டர் ஆலோசனை சொல்லலாம். அதனால் தயங்காமல் கேளுங்கள். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கொண்டு வருகிற பெண்ணிடமும் அளவுகளை எழுதி வைக்கும் நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்.

சரி, மெஷினுக்கு வருவோம். பிரஷருக்கு மேல்கையில் பட்டை சுற்றும் மெஷினையே வாங்குங்கள். பிரஷர் காட்டுவதாகச் சொல்லும் வாட்ச்களை நம்பி மாத்திரையை மாற்றக் கூடாது. அவற்றில் பல, தோலுக்கு அடியில் ரத்தம் ஓடுவதை ஒளியால் பார்த்துக் கணக்குப் போடுபவை. கைப்பட்டை மெஷினோடு அவ்வப்போது ஒப்பிட்டுத் திருத்தாவிட்டால் கணக்கு தவறிவிடும். பட்டையின் அளவும் முக்கியம். மேல்கையின் சுற்றளவை டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பருத்த கையில் சின்னப் பட்டையைச் சுற்றினால் பிரஷர் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும்.

பார்க்கும் முறை இப்படி. காபி குடித்தோ நடந்து வந்தோ அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கால்கள் தரையில் பதிய, கால் மேல் கால் போடாமல், கை நெஞ்சு உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும். வாயைத் திறந்து பேசக் கூடாது. ஆச்சிமாரிடம் மிகவும் கஷ்டமானது இதுதான்! ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுத வேண்டும். பீடி சுற்றும் பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கணக்கு முடிக்கும் அவசரத்தில் பார்க்காதீர்கள். தட்டை இறக்கி வைத்து, முதுகு சாய்ந்து உட்கார்ந்து, அப்புறம் பாருங்கள்.

டாக்டரிடம் போவதற்கு முந்தைய ஏழு நாள் காலையும் மாலையும் இப்படிப் பாருங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் அது கூடுதல்தான். ப்ளூடூத் உள்ள மெஷின் எண்ணைத் தானே போனுக்கு அனுப்பிவிடும். இல்லாவிட்டாலும் குறையில்லை, திரையைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும். 180/120 தாண்டிக் காட்டினால் முதலில் ஆளைப் பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் பலவீனம் என்று எதாவது ஒன்று இருந்தால் காத்திருக்காமல் 108. ஒன்றும் இல்லை என்றால் ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். தானாக இரண்டு மாத்திரை சேர்த்துப் போடவே கூடாது.

சுகருக்கு வாட்ச் கிடையாது. ஊசி குத்தாமல் சர்க்கரை அளவு சொல்வதாக விற்கும் வாட்சையும் மோதிரத்தையும் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. உண்மையில் வேலை செய்வது மேல்கையின் பின்புறம் ஒட்டும் சென்சார். அதில் முடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் இருக்கும். வகையைப் பொறுத்து இரண்டு வாரம் வரை தாங்கும். இன்சுலின் போடுபவர்களுக்கும், அடிக்கடி லோ சுகர் ஆகிறவர்களுக்கும் நிஜமாகவே உயிர்காப்பு. மாத்திரையில் நன்றாகக் கட்டுப்பட்டிருப்பவருக்கு வருஷம் முழுக்கத் தேவையில்லை என்பது என் எண்ணம். எப்போதாவது ஒரு முறை போட்டு, எந்தச் சாப்பாட்டுக்கு எப்படி ஏறுகிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று சென்சார் ஒட்டாதீர்கள், நிற்காது. இது ரத்தத்தை நேராகப் பார்ப்பதில்லை, திசுக்களுக்கு இடையில் உள்ள நீரைப் பார்க்கிறது. அதனால் சுகர் வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும் சில நிமிடம் பின்தங்கும். அந்தக் கையை அமுக்கிப் படுத்தால் ராத்திரியில் பொய்யாக லோ காட்டும். உடம்பு சொல்வதும் எண் சொல்வதும் பொருந்தாவிட்டால் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். வைட்டமின் சி மாத்திரை அதிக அளவில் எடுத்தால் சில சென்சார்கள் கூட்டிக் காட்டும். தாமிரபரணியில் முங்கிக் குளிப்பவர்கள் பெட்டியில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள். பரவலாகக் கிடைக்கும் ஒரு வகைக்கு ஒரு மீட்டர் ஆழம், முப்பது நிமிடம்தான் வரம்பு. அகஸ்தியர் அருவிக்கு நேர் கீழே நிற்பதைச் சென்சார் இருக்கும் நாட்களில் தள்ளி வையுங்கள்.

எண் 70-க்குக் கீழே வந்தால், நினைவு இருப்பவருக்கு மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கருப்பட்டியைக் கடிக்கக் கொடுப்பதைவிட இது சீக்கிரம் வேலை செய்யும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே 108. சாவி வைத்திருக்கும் அந்த மதினிக்கு இது மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இன்னொன்றை மனம் விட்டுச் சொல்கிறேன். எண்ணைப் பார்த்து போனில் திட்டாதீர்கள். மத்தியானம் உளுந்தஞ்சோறு சாப்பிட்ட பிறகு சுகர் ஏறத்தான் செய்யும். பெரும்பாலானவர்களுக்கு நாளில் பத்தில் ஏழு பங்கு நேரம் 70-க்கும் 180-க்கும் இடையில் இருந்தால் நல்லது. உடல் தளர்ந்த முதியவருக்குப் பாதி நேரம் இருந்தாலே போதும், லோ ஆகாமல் இருப்பதுதான் அவருக்குப் பெரிது. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் "என்ன தின்னீங்க?" என்று துபாயிலிருந்து கேள்வி வந்தால், அம்மா சாப்பாட்டை ஒளிப்பார், அப்புறம் சென்சாரையே பிடுங்கிப் போடுவார். யார் யார் பார்க்கலாம் என்பதையும் அவரிடமே கேளுங்கள். அது அவருடைய உடம்பு. சென்சார் ஆப்பில் தொடங்கும் கணக்கும் அவர் பெயரில் இருக்கட்டும்.

வாட்ச் வீண் இல்லை. நாடித்துடிப்பு, விழுந்தால் அறிவிப்பு, சீரற்ற துடிப்பைக் கண்டுபிடிப்பது ஆகியவற்றுக்கு நல்ல வாட்ச் உதவும். ஆனால் மாரடைப்பை அது கண்டுபிடிக்காது. வாட்ச் 'நார்மல்' என்று காட்டினாலும் நெஞ்சு வலித்தால் கிளம்ப வேண்டியதுதான். இதயம் பலவீனமானவர்களுக்கு எடை பார்க்கும் மெஷின்தான் சிறந்த கருவி. தினமும் காலையில் ஒரே நேரத்தில் பாருங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால், கால் வீங்கினால், உடலில் நீர் சேர்கிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆக்சிஜன் பார்ப்பவர்கள் மருதாணியோ நெயில் பாலிஷோ இல்லாத விரலில் பாருங்கள்.

அம்மா அப்பாவின் போனில் பேட்டரி சேமிப்பு அந்தச் சென்சார் ஆப்பை மூடிவிடாதபடி மாற்றி வைத்துவிட்டு ஊருக்குக் கிளம்புங்கள். அலாரம் வராமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். காரையாறு, மாஞ்சோலை போன்ற மலைப் பக்கம் போனால் போனில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் சில சென்சார்கள் எட்டு மணி நேர அளவைத் தாங்களே சேர்த்து வைத்துப் பிறகு போனுக்குக் கொடுக்கும். ஆனால் அந்த நேரத்தில் மகனுக்கு எந்த அலாரமும் போகாது. அதனால் கூடவே ஆள் போக வேண்டும்.

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கோ வேறு எங்கோ செக்கப் போகும் நாளில் வீட்டுப் பிரஷர் மெஷினையும் எடுத்துப் போங்கள். அங்கே உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது. டாக்டரிடம் நூறு ஸ்கிரீன்ஷாட்டை நீட்டாமல் ஏழு நாள் சராசரியை ஒரே தாளில் கொடுங்கள். ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் கையில் சென்சார் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில வகைகளை எம்.ஆர்.ஐ.க்கு முன் கழற்ற வேண்டியிருக்கும்.