ஹியூமிக் ஊற்றினால் வேர் ஏன் ஓடுகிறது, எவ்வளவு ஊற்றலாம்

குழித்தட்டிலிருந்து நாற்றை உருவியதும் நான் இலையைப் பார்ப்பதில்லை, வேரைத்தான் பார்ப்பேன். 12 வருடமாகத் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்க்கிறேன். மண்கட்டி உதிராமல் வெள்ளை வேர் அதைச் சுற்றிப் பின்னியிருந்தால் அந்த நாற்று நட்ட இடத்தில் வாடாது. மட்கில் இருக்கும் கருமையான பொருளான ஹியூமிக் அமிலத்தை நான் பயன்படுத்துவது இந்தப் பின்னலுக்காக மட்டும்தான்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். ஹியூமிக் ஓர் உரம் அல்ல. அதை நம்பித் தழைச்சத்தை நிறுத்தினால் இலை வெளுத்துவிடும். அது வேருக்குக் கொடுக்கும் சைகை. செல்சவ்வில் புரோட்டான் பம்ப் என்று ஒரு புரதம் இருக்கிறது. அது ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளும். அப்போது செல்சுவரில் அமிலத்தன்மை கூடி, சுவர் இளகும். உள்ளே இருக்கும் நீரழுத்தம் இளகிய சுவரைத் தள்ள, செல் நீளும். வேர் ஓடுவது இப்படித்தான். செடி தானே சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் செய்கிற வேலை இது. ஹியூமிக்கும் ஏறக்குறைய அதையே தூண்டுகிறது. 2002-இல் பிரேசில் ஆய்வாளர்கள் மண்புழு உரத்திலிருந்து பிரித்த ஹியூமிக் அமிலத்தை மக்காச்சோள நாற்றுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வேர் நீண்டது, பக்கவேர் கிளம்பும் இடங்கள் கூடின, இந்தப் பம்பின் வேகமும் கூடியது. தழைச்சத்தின் ஒரு வடிவமான நைட்ரேட்டை வேர் உள்ளே இழுக்கவும் இதே பம்புதான் விசை கொடுக்கிறது. ஆகவே வேர் நீள்வதோடு, இருக்கிற சத்தை எடுக்கும் திறனும் ஏறுகிறது.

சைகை என்பதால் அளவுதான் எல்லாம். குறைவாகக் கொடுத்தால் தூண்டும், கூட்டினால் அதுவே தடுக்கும். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு தட்டுக்கு நான்கு மடங்கு ஊற்றினேன். அந்த மிளகாய் நாற்றைக் கழுவிப் பார்த்தபோது வேர் குட்டையாக, நுனி தடித்து, பழுப்பேறி நின்றது. பக்கத்துத் தட்டில் ஒன்றுமே ஊற்றாத நாற்று அதைவிட நன்றாக இருந்தது.

கடையில் கிடைப்பது பெரும்பாலும் பொட்டாசியம் ஹியூமேட். லியோனார்டைட் எனப்படும், காற்றுபட்டுச் சிதைந்த பழுப்பு நிலக்கரியைக் காரத்தில் கரைத்து எடுப்பது. வாங்கியதும் ஒரு கண்ணாடிக் குவளையில் சில துளி கரைத்து, அதில் வினிகர் தாராளமாக ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். ஹியூமிக் அமிலம் காரத்தில் கரையும், அமிலத்தில் திரியும். அதனால் கரும் துகள் கொஞ்சமாவது அடியில் படிய வேண்டும். ஒன்றுமே படியாமல் வெறும் கறுப்புத் தண்ணீராகவே நின்றால் எனக்கு அந்தச் சரக்கின்மேல் சந்தேகம் வந்துவிடும். மட்கில் இருக்கும் இன்னொரு அமிலமான ஃபுல்விக் அமிலத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அது எந்த அமில நிலையிலும் கரைந்தே இருக்கும்.

12 சதவீதம் ஹியூமிக் உள்ள திரவமாக இருந்தால், விதையிலைக்குப் பிறகு வரும் முதல் நிஜ இலை விரிந்ததும் லிட்டருக்கு 1 மில்லி போதும். கரைசல் பழுப்பு நிறத்தில் இருக்கும். பத்து நாள் கழித்து 2 மில்லி. மூன்றாவது முறை நடும் அன்று, அதே 2 மில்லிக் கரைசலில் வேர்க்கட்டியைப் பத்து நிமிடம் நனைத்து நடுவேன். காய்ந்த மண்ணில் ஊற்றாதீர்கள். முதலில் வெறும் தண்ணீர் விட்டு நனைத்துவிட்டு, பிறகு ஊற்றினால்தான் கரைசல் சீராகப் பரவும். உங்கள் பாட்டிலின் செறிவு வேறாக இருந்தால் அதில் போட்டிருக்கும் அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள்.

கால்சியம் நைட்ரேட்டோடு ஒரே வாளியில் கலக்கவே கூடாது. நான் கலந்தேன். ஐந்து நிமிடத்தில் கறுப்புத் திப்பியாகத் திரிந்து, சொட்டுநீர் வடிகட்டியை அடைத்துக்கொண்டது. பாஸ்பாரிக் அமிலத்தோடு சேர்த்தாலும் இதே கதிதான். ஹியூமிக்குக்கும் இவற்றுக்கும் நடுவே இரண்டு நாள் இடைவெளி விடுங்கள்.

நன்றாக மக்கிய உரம் வருடக்கணக்காகப் போட்ட மண்ணில் பெரிய வித்தியாசம் தெரியாது. அங்கே தேவையான மட்கு ஏற்கெனவே இருக்கிறது. மணற்பாங்கான மண், தென்னை நார்க்கழிவு, அங்ககச் சத்து வற்றிய நிலம் ஆகியவற்றில்தான் நான் பலனைக் கண்டிருக்கிறேன்.

என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே விதை, ஒரே கலவை, ஒரே வெயிலில் இரண்டு தட்டு வையுங்கள். ஒன்றுக்கு ஹியூமிக், மற்றதுக்கு அதே அளவு வெறும் தண்ணீர். உரம் இரண்டுக்கும் ஒன்றுபோல. 25-ஆம் நாள் தட்டின் ஓரத்தை விட்டுவிட்டு நடுவிலிருந்து ஐந்தைந்து நாற்று எடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசி, வெள்ளைத் தாளில் பரப்புங்கள். ஆணிவேரின் நீளத்தை விடுங்கள், அதன் மேல் பாதியில் கிளைத்த பக்கவேர்களை எண்ணுங்கள். எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தால் உங்கள் கலவைக்கு ஹியூமிக் தேவையில்லை, வாங்காதீர்கள்.